டாஸ், பை, டைபிரேக்கர்: நாக் அவுட் கப் நடத்துறவங்களுக்குக் கேள்வி பதில்

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கத்து உள்ளூர் கிளப்புகளுக்கு ஃபுட்பால் நாக் அவுட் கப் நடத்துறதைப் பத்தி வந்த கேள்விகளுங்க இது. நான் பல வருசம் விசில் ஊதுனவன். இப்ப யார் யாரோட எப்ப ஆடறதுன்னு அட்டவணை போடற ஃபிக்சர் கமிட்டியில உக்காந்து எல்லார்கிட்டயும் திட்டு வாங்கறவன்.

அவிநாசியிலிருந்து: 22 டீம் பேர் குடுத்திருக்காங்கண்ணா. 16 போதும்னு மீதியைத் திருப்பி அனுப்பிடலாமா?

யாரையும் அனுப்ப வேண்டாம் தம்பி. 2, 4, 8, 16, 32ன்னு இரட்டிச்சுக்கிட்டே போ. 22-க்கு அடுத்து வர்றது 32. அதுல 22 போனா 10. ஆக, பத்து டீமுக்கு பை, அதாவது முதல் ரவுண்டு ஆடாமலே ரெண்டாவது ரவுண்டுக்குப் போயிடலாம். மீதி 12 டீம் முதல் ரவுண்டுல 6 மேட்ச் ஆடும். ஜெயிச்ச ஆறும் பை வாங்கின பத்தும் சேந்தா 16. அதுக்கப்புறம் தானா பாதி பாதியாக் குறையும்.

மொத்தம் எத்தனை மேட்ச்னு விரல் விட்டு எண்ண வேண்டியதில்லை. ஒரு மேட்சுக்கு ஒரு டீம் வீட்டுக்குப் போகுது. கப் வாங்கறவங்க போக 21 டீம் தோத்தாகணும், அதனால 21 மேட்ச். கிரவுண்ட் வாடகை, ரெஃப்ரி படி, தண்ணி கேன் எல்லாத்தையும் இந்த 21-ஐ வெச்சே கணக்குப் போட்டுக்கோ.

பசங்க பாதிப்பேர் பனியன் கம்பெனியில இருப்பாங்க, ஞாயித்துக்கிழமை விட்டா நாள் கிடையாது. நாளுக்கு நாலு மேட்ச், 21-ஐ நாலால வகுத்தா ஆறு ஞாயிறுன்னு நோட்டீஸ் அடிச்சுடாதே. ஒரே டீமை ஒரே நாள்ல ரெண்டு தடவை இறக்க முடியாது. கால் இறுதியிலிருந்து நாளுக்கு நாலு மேட்ச் தேறாது, ஏழு ஞாயிறு ஆகும்.

பை யாருக்குங்கறதை லாட் போட்டே முடிவு பண்ணு. எல்லாக் கேப்டனும் பாக்க, சம்பந்தமில்லாத ஒரு சின்னப் பையனை விட்டுச் சீட்டு எடு. கமிட்டித் தலைவரோட ஊர் டீமுக்கே மூணு வருசம் வரிசையா பை விழுந்த அதிசயத்தை நான் கண்ணால பாத்திருக்கேன்.

ஈரோட்டிலிருந்து: சமமா முடிஞ்சா எக்ஸ்ட்ரா டைம் கட்டாயமுங்களா?

இல்லீங்க. நேரா டைபிரேக்கருக்கும் (ரெண்டு டீமும் மாறி மாறி அஞ்சஞ்சு பெனால்டி கிக் அடிச்சு, அப்பவும் சமம்னா ஒவ்வொண்ணா அடிச்சு ஜெயிச்சவங்களை முடிவு பண்றது) போகலாம், எக்ஸ்ட்ரா டைம் வெச்சுட்டும் போகலாம். வெச்சா ரெண்டு பாதி, ஒவ்வொண்ணும் 15 நிமிசத்துக்கு மேல போகக்கூடாது. எதுன்னாலும் லாட் போடறதுக்கு முன்னாடியே எழுதி ஒட்டிடுங்க. லைட் இல்லாத கிரவுண்டுல நாலாவது மேட்ச் எக்ஸ்ட்ரா டைமுக்குப் போனா இருட்டுல பந்தைத் தடவ வேண்டியதுதான். செமியிலிருந்து மட்டும் எக்ஸ்ட்ரா டைம்ங்கறது என் கட்சி.

டைபிரேக்கருக்கு 1970-லயே சர்வதேச விதியில இடம் குடுத்துட்டாங்க. அப்படியும் 1978-ல நம்ம கோயமுத்தூர்ல நடந்த ஃபெடரேஷன் கப் ஃபைனல்ல மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் கோலே போடாம, கப்பை ரெண்டு பேருக்கும் பொதுவாக் குடுத்தாங்க. உள்ளூர்ல அப்படிப் பங்கு போட்டா கப்பை யார் ஊர்ல வைக்கறதுன்னு ரெண்டாவது சண்டை கிளம்பும்.

போத்தனூரிலிருந்து: எங்க பையன் ஒருத்தன் ரெட் கார்டுல போயிட்டான். டைபிரேக்கர்ல அவங்க 11 பேர், நாங்க 10. அவங்களுக்குத்தானே லாபம்?

லாபம் இல்லீங்க. அவங்களும் ஒருத்தரை ஒதுக்கி 10 ஆகணும். யாரை ஒதுக்கறாங்கன்னு கேப்டன் ரெஃப்ரிகிட்ட சொல்லணும். விட்டா என்ன ஆகும்? பதினொண்ணாவது கிக் வரைக்கும் போச்சுன்னா, உங்க நல்ல ஆள் ரெண்டாவது தடவை அடிக்க வருவான், அவங்களோட மோசமான ஆள் அப்பத்தான் முதல் தடவை அடிக்க வருவான். அந்த வித்தியாசம் வரக்கூடாதுன்னுதான்.

இங்க அடிக்கடி நடக்கற இன்னொரு தகராறு: பெனால்டி நல்லா அடிக்கறவனை பெஞ்சுல உக்கார வெச்சிருந்து, விசில் ஊதினப்புறம் கூப்பிடறது. செல்லாது. ஆட்டம் முடியறப்ப உள்ள இருந்தவங்கதான் அடிக்கணும். கோலிக்கு (கோல்கீப்பருக்கு) அடிபட்டு நிக்க முடியலைன்னா மட்டும் மாத்து ஆளுக்கு வழி இருக்கு. மேட்ச்ல வாங்கின மஞ்சள் கார்டு டைபிரேக்கருக்குக் கூட வராது.

பொள்ளாச்சியிலிருந்து: ஆடி மாசத்துல டாஸ் ஜெயிச்சா எதை எடுக்கறதுங்ணா?

இதைக் கேக்கறதுக்குப் பொள்ளாச்சிக்காரர்தான் வரணும்! பாலக்காட்டுக் கணவாய் வழியா மேற்கேயிருந்து அடிக்கற காத்துல கோல் கிக் திரும்பித் தன் பாக்ஸுக்கே வந்ததை நான் பாத்திருக்கேன். கிரவுண்ட் கிழக்கு மேற்கா இருந்து, சாயங்கால மேட்ச்சா இருந்தா, முதல் பாதியிலயே காத்தை முதுகுக்கு வாங்கிக்கோங்க. பொழுது சாயச் சாயக் காத்து அடங்க வாய்ப்பிருக்கு. காலை மேட்ச்னா தலைகீழா யோசிங்க, நேரம் ஏற ஏறத்தான் காத்து வலுக்கும். வடக்கு தெற்கா இருந்தா ரெண்டு பேருக்கும் பக்கவாட்டுக் காத்துதான், கார்னர் அடிக்கறவன் மட்டும் கவனமா இருக்கணும்.

பல்லடத்திலிருந்து: பாலக்காட்டு கெஸ்ட் பிளேயர் போன வாரம் வேற டீமுக்கு ஆடினார், இந்த வாரம் எங்க எதிர் டீம்ல நிக்கிறார். விடலாமா?

விடக்கூடாது. ஆனா உங்க கப் விதியில எழுதியிருந்தாத்தான் தடுக்க முடியும். ஒரு கப்புல ஒரு டீமுக்கு ஒரு நிமிசம் ஆடினாலும் கடைசி வரைக்கும் அந்த டீம்தான்னு ஒரு வரி போடுங்க. போட்டோவோட லிஸ்டை முதல் மேட்சுக்கு முன்னாடியே வாங்கி வெச்சுக்குங்க.

காரமடையிலிருந்து: பஸ் வராம எட்டுப் பேர்தான் வந்தாங்க. ஆடாமலே எதிர் டீம் ஜெயிச்சதா வாக் ஓவர் குடுத்துட்டாங்க. சரியா?

ஏழு பேர் இருந்தாலே ஆரம்பிக்கலாமே. மத்தவங்க பேர் லிஸ்ட்ல இருந்தா வந்து சேந்தப்புறம் இறங்கியிருக்கலாம். அவசரப்பட்டுட்டாங்க.

சூலூரிலிருந்து: டைபிரேக்கர்ல கோலி கிக் அடிக்கலாமுங்களா?

அடிக்கலாம். முதல் அஞ்சுலயே அடிக்கலாம். சமமாவே போயிட்டிருந்தா அடிச்சே ஆகணும், மத்த பத்துப் பேரும் அவரும் ஒரு சுத்து முடிக்காம யாரும் ரெண்டாவது தடவை வர முடியாது. பிராக்டீஸ்ல அவருக்கும் நாலு பந்து குடுங்க.