கால் ஏக்கர் குட்டையில் மீன்: கிலோவுக்கு என்ன மிஞ்சும்?

கேள்வி: பட்டுக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு 25 சென்ட் குட்டை இருக்கிறது. கெண்டை மீன் விட்டால் எவ்வளவு செலவாகும், லாபம் வருமா?

குட்டை ஏற்கெனவே இருப்பது உங்களுக்குப் பெரிய பலம். இனி வளர்ப்புச் செலவு மட்டும்தான். தோராயமாகக் கணக்குப் போடுவோம். உங்கள் ஊர் விலையை நீங்களே மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

கட்லா, ரோகு, மிர்கால் கலந்து 700 குஞ்சுகள், ஒன்று 5 ரூபாய் வீதம் 3,500. நாலு அங்குலத்துக்குக் குறைந்த குஞ்சு வேண்டாம். மலிவாகக் கிடைக்கும், ஆனால் பாதி பாம்புக்கும் கொக்குக்கும் போய்விடும். சாணம், சுண்ணாம்பு 4,000. வலை இழுப்புக் கூலியும் சில்லறைச் செலவும் 4,500. தவிடும் கடலைப் புண்ணாக்குமாக 800 கிலோ தீவனம், கிலோ 40 என்றால் 32,000. ஆக 44,000. பத்து மாதத்தில் 500 மீன் தேறி, சராசரி 800 கிராம் வந்தால் 400 கிலோ. அதாவது கிலோவுக்கு அடக்கம் 110 ரூபாய்.

இப்போது விற்பனையைப் பாருங்கள். மொத்த வியாபாரி 120 கொடுத்தால் வருடம் முழுக்க உழைத்ததற்கு 4,000 ரூபாய்தான். அதே மீனை ஞாயிற்றுக்கிழமை காலையில் கரையிலேயே உயிரோடு 180-க்கு விற்றால் 28,000. அதனால் ஒரே நாளில் குட்டையைக் காலி செய்யாதீர்கள். ஏழாம் மாதத்திலிருந்து பெரிய மீனை மட்டும் பிடித்து விற்றால் மிச்சம் இருப்பது வேகமாகத் தேறும். புரட்டாசியிலும் கார்த்திகையிலும் வாங்க ஆள் குறைவு. அதற்கேற்ப இருப்பு வையுங்கள்.

அப்புறம் தீவனம். அள்ளி வீசினால் பாதி சேற்றுக்குத்தான். துளை போட்ட சாக்கில் நிரப்பி மூங்கிலில் கட்டித் தொங்கவிடுங்கள், மீன் முட்டி முட்டித் தின்னும். வாரம் ஒருமுறை கையை முழங்கை வரை தண்ணீரில் விட்டுப் பாருங்கள். உள்ளங்கை தெளிவாகத் தெரிந்தால் சாணம் போதவில்லை. மணிக்கட்டு நனையும்போதே மறைந்தால் சாணத்தை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளக்கும்.

ஆப்பிரிக்கக் கெளுத்தி வேகமாக வளரும் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். அது தடை செய்யப்பட்ட இனம், தொடவே வேண்டாம்.

மீன்வளத் துறை மானியம் பெரும்பாலும் நீங்கள் செலவழித்த பிறகுதான் கைக்கு வரும். அதை நம்பி வட்டிக்கு வாங்காமல், முதல் வருடம் கைக்காசு அளவுக்குக் குஞ்சு விடுங்கள்.