சட்டத்தரணியின் கையில் உண்மையில் எவ்வளவு மிஞ்சுகிறது?

ஹட்டன், நுவரெலியா பக்கம் கறுப்புக் கோட்டு போட்டவர் எல்லோரும் இலட்சம் இலட்சமாக உழைக்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். சிலர் உழைக்கிறார்கள். பலர் இல்லை.

காணி உறுதியைப் பாருங்கள். 50 இலட்சம் ரூபாய்க் காணியை எழுத இரண்டு இலட்சத்துக்கு மேல் கொடுத்தவர், அத்தனையும் நொத்தாரிசின் (உறுதி எழுதும் சட்டத்தரணியின்) பைக்குள் போனதாகவே நினைப்பார். ஆனால் முத்திரை வரி முதல் 1 இலட்சத்துக்கு 3%, மிகுதி 49 இலட்சத்துக்கு 4%. அதாவது 3,000 + 196,000 = 199,000 ரூபாய். அது மாகாண சபைக்குப் போகிற பணம். அதற்கு மேல் கொடுத்ததில்தான் பதிவுச் செலவும் அவருடைய கட்டணமும் இருக்கின்றன.

வழக்குப் பக்கம் இன்னும் கஷ்டம். தனியாகத் தொழில் செய்பவருக்கு மாதச் சம்பளம் கிடையாது, ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கிடையாது. வழக்குத் தவணைக்குத் தவணைதான் காசு. தோட்டத்துத் தொழிலாளி "சம்பளம் போட்டதும் தாறேன் ஐயா" என்றால் காத்திருக்க வேண்டியதுதான். அறை வாடகையும் கிளார்க்கின் சம்பளமும் காத்திருக்காது. புதிதாகச் சத்தியப்பிரமாணம் செய்தவர்கள் சீனியரிடம் சொற்பத்துக்கு வேலை பார்க்கும் காலம் இதைவிடக் கடினம்.

உறுதி எழுதப் போனால் முத்திரை வரி, பதிவுச் செலவு, கட்டணம் மூன்றையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். வசதி இல்லாதவர்கள் முதலில் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேட்டுப் பாருங்கள்.