நுகர்வோர் கேள்வி-பதில்: மூன்றாம் வரிசைக்காரர்களின் மனக்குறைகள்

ஏழு பேர் அமரும் சிறிய குடும்ப வேன்களைப் பற்றி வாசகர்கள் எழுதிய கேள்விகளில் என்ஜின் நின்றுபோனது, பிரேக் பிடிக்கவில்லை என்பன போன்ற பெரிய புகார் ஒன்றுகூட இல்லை. வந்தவை எல்லாம் வாங்கிய சில மாதங்களில் தலைகாட்டும் சிறு மனக்குறைகளே. கேள்விகளிலிருந்து வண்டியின் பெயரையும் விற்பனையாளரின் பெயரையும் நீக்கிவிட்டேன். இவற்றில் பெரும்பாலானவை ஒரு நிறுவனத்தின் குறைகள் அல்ல, இந்த வகை வண்டி அனைத்துக்கும் பொதுவானவை.

கேள்வி: மே மாதத்தில் குடும்பத்துடன் கும்பகோணம் சென்றோம். கடைசி வரிசையில் அமர்ந்த என் மாமியார் வியர்வையில் நனைந்துவிட்டார். முன்னால் அமர்ந்த என் கணவரோ குளிர்கிறது என்று விசிறியைக் குறைத்துக்கொண்டே வந்தார். ஏசியில் பழுதா? (திருச்சி வாசகி)

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. உங்கள் கணவர் விசிறியைக் குறைத்ததுதான் பாதிக் காரணம் என்று சொன்னால் வீட்டில் எனக்குக் கெட்ட பெயர் வரும். ஆனாலும் உண்மை அதுதான்.

இவ்வகை வண்டிகளில் சிலவற்றுக்குப் பின்பக்கத்துக்கென்று தனிக் குளிர்விப்புச் சுருள் உண்டு. வேறு சிலவற்றில் கூரையில் இருப்பது வெறும் விசிறி மட்டுமே. அது வண்டிக்குள் ஏற்கெனவே இருக்கும் காற்றை உறிஞ்சிப் பின்வரிசைகளுக்குத் தள்ளுகிறதே தவிர, தானாக எதையும் குளிர்விப்பதில்லை. முன்பக்கத்தில் குளிர்ந்த காற்று போதிய அளவு உற்பத்தியானால்தான் பின்னால் தள்ளுவதற்கு அதனிடம் ஏதாவது இருக்கும். முன்விசிறியை ஒன்றில் வைத்துக்கொண்டு பின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டால், மாமியாரின் முகத்தில் வெப்பக் காற்றுதான் வேகமாக அடிக்கும். போதாக்குறைக்கு, கடைசி வரிசையின் பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் திறக்க முடியாதவை. டிக்கிக் கதவின் கண்ணாடி வழியாக வரும் வெயிலும் நேராகப் பிடரியில் விழுகிறது.

வெயிலில் நின்ற வண்டியை எடுக்கும்போது எல்லா ஜன்னல்களையும் இறக்கி இரண்டு மூன்று நிமிடம் ஓட்டி, உள்ளே தேங்கிய வெப்பத்தை வெளியேற்றுங்கள். பிறகு ஜன்னல்களை ஏற்றி, உட்காற்றையே சுழற்றும் பொத்தானை அழுத்தி, முன்விசிறியை மூன்றுக்குக் குறையாமல் வையுங்கள். முன்னால் இருப்பவருக்குக் குளிர்ந்தால் விசிறியைக் குறைக்க வேண்டாம். நடுத் துவாரங்களைக் கூரையை நோக்கித் திருப்பிவிட்டால் அந்தக் காற்று அவர் மேல் படாமல் பின்னால் செல்லும். இவ்வளவு செய்தும் முன் துவாரத்திலேயே காற்று சில்லென்று வரவில்லை என்றாலோ, பின்விசிறி முழு வேகத்திலும் பலவீனமாக வீசினாலோ அது பழுது. வாரண்டியில் பார்த்துக் கொடுப்பது நிறுவனத்தின் கடமை.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: டெஸ்ட் டிரைவ் போகும்போது எல்லோரும் ஸ்டியரிங்கைப் பிடிக்கவே ஆசைப்படுகிறார்கள். ஏழு இருக்கை வண்டியை மதியம் ஒரு மணிக்குக் கடைசி வரிசையில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

கேள்வி: ஏழு பேர் ஏறினால் பெட்டி வைக்க இடமே இல்லை. விளம்பரத்தில் டிக்கி 500 லிட்டருக்கு மேல் என்று போட்டிருந்தார்கள். இது ஏமாற்று அல்லவா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: அந்த எண்ணுக்கு அருகில் 'மூன்றாம் வரிசையை மடக்கிய நிலையில்' என்று சிறிய எழுத்தில் இருந்திருக்கும். மாருதி எர்டிகாவில் மூன்றாம் வரிசையை மடக்கினால் 550 லிட்டர், நிமிர்த்தினால் 209 லிட்டர். கியா காரென்ஸில் நிமிர்த்திய நிலையில் 216 லிட்டர். நான்கு மீட்டர் நீளத்துக்குள் அடங்கும் ரெனோ டிரைபரில் ஏழு பேர் அமர்ந்தால் மிஞ்சுவது 84 லிட்டர்தான். கடைசி இரு இருக்கைகளையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டால் 625 லிட்டர் கிடைக்கும். விமானத்துக்குள் கையோடு கொண்டுசெல்லும் சிறிய சக்கரப் பெட்டி ஒன்றே ஏறத்தாழ 35 முதல் 40 லிட்டர் கொள்ளும் என்பதை வைத்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சட்டப்படி இதை ஏமாற்று என்று நிறுவுவது கடினம். ஆனால் ஏழு பேரும் ஏழு பேருக்கான மூட்டையும் ஒரே வண்டியில் போகும் என்று விற்பனையாளர் வாய் கூசாமல் சொல்வதும், அதை நம்பி நாம் முன்பணம் கட்டுவதும் வழக்கமாகிவிட்டன. நடைமுறையில் இந்த வண்டிகள் ஐந்து பேர் மூட்டையோடும், ஏழு பேர் மூட்டையின்றியும் செல்வதற்கானவை. கூரைமேல் கேரியர் பொருத்துவதாக இருந்தால் எவ்வளவு எடை ஏற்றலாம் என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டுப் பொருத்துங்கள். கடினமான பெட்டிகளுக்குப் பதிலாகத் துணிப் பைகளில் அடுக்கினால் அதே டிக்கியில் இன்னும் இரண்டு பை கூடுதலாக அடங்கும்.

கேள்வி: இரவில் குடும்பத்தோடு போகும்போது எதிரே வருகிறவர்கள் எல்லோரும் எனக்கு டிம் அடிக்கச் சொல்லி விளக்கைச் சிமிட்டுகிறார்கள். நான் டிம்மில்தான் ஓட்டுகிறேன். தனியாகப் போகும்போது இந்தத் தொல்லை இல்லை. (ஈரோடு வாசகர்)

பதில்: நீங்கள் சொன்ன கடைசி வாக்கியத்திலேயே விடை இருக்கிறது. ஏழு பேர் ஏறினால், ஆளுக்கு 65 கிலோ என்று வைத்தாலும், 455 கிலோ. அதில் பெரும்பகுதி பின்சக்கர அச்சின் மேல் விழுவதால் வண்டியின் பின்புறம் தாழ்ந்து மூக்கு உயர்கிறது. முகப்பு விளக்கின் ஒளியும் அதனுடன் மேலெழுகிறது. ஸ்டியரிங்கின் வலப்புறம், டாஷ்போர்டின் கீழ்ப்பகுதியில், 0 முதல் 3 அல்லது 4 வரை எண்ணிட்ட சிறிய திருகு ஒன்று இருக்கிறதா பாருங்கள். அது ஒளியைக் கீழிறக்குவதற்கானது. முழுப் பாரம் ஏறும்போது எந்த எண்ணில் வைக்க வேண்டும் என்பது கையேட்டில் அட்டவணையாகவே இருக்கும். பலர் ஐந்து ஆண்டுகள் ஓட்டி வண்டியை விற்கும் வரை அதைத் தொட்டதே இல்லை.

அதே பயணத்துக்கு முன்பு டயர் காற்றையும் கூட்ட வேண்டும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் குறைந்த பாரத்துக்கு ஓர் அளவும் முழுப் பாரத்துக்கு வேறோர் அளவும் இருக்கலாம். காற்றுப் பிடிப்பவரிடம் "எல்லாத்துக்கும் முப்பத்து மூணு" என்று சொல்லிவிட்டு நகர்வது இந்த வகை வண்டிக்குப் பொருந்தாது.

கேள்வி: 80 கிலோமீட்டரைத் தாண்டினால் பீப் பீப் என்று கத்துகிறது. பின் இருக்கையில் காய்கறி மூட்டையை வைத்தாலும் கத்துகிறது. இதை நிறுத்த முடியாதா? (ஓசூர் வாசகர்)

பதில்: முதலாவதை நிறுத்தக் கூடாது. 2019 ஜூலை 1 முதல் தயாராகும் கார்களில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் இடைவெளி விட்டும், 120-ஐத் தாண்டினால் தொடர்ச்சியாகவும் ஒலிக்க வேண்டும் என்பது விதி. நிறுவனம் விரும்பி வைத்தது அல்ல. ஆகவே அவர்களைத் திட்டிப் பயனில்லை. இரண்டாவது, இருக்கையில் எடையை உணரும் கருவி மூட்டையை ஆளென்று எண்ணிக்கொள்வதால் வருவது. மூட்டையைக் கீழே காலடியில் வையுங்கள், அல்லது அதற்கும் பெல்ட் மாட்டுங்கள். பெல்ட்டின் நாக்கை மட்டும் தனியாகக் கடையில் விற்கிறார்கள், அதைச் செருகினால் சத்தம் நின்றுவிடும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். நாளைக்கு அந்த இருக்கையில் உங்கள் குழந்தை உட்காரும்போது அந்த நாக்கு அங்கேயேதான் இருக்கும்.

கேள்வி: லிட்டருக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் என்று சொன்னார்கள். சென்னைக்குள் எனக்கு 12, 13-தான் கிடைக்கிறது. வழக்குப் போடலாமா? (சென்னை, வேளச்சேரி வாசகர்)

பதில்: முதலில் அந்த 20 எப்படி வந்தது என்பதைப் பார்க்கலாம். அரசு அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில், உருளைகளின் மேல் வண்டியை ஏற்றி நிறுத்தி, ஏசியை அணைத்துவிட்டு, வேகம் 90 கிலோமீட்டரைத் தாண்டாதபடி, வகுத்துவைத்த ஒரே கால அட்டவணைப்படி ஓட்டிக் கணக்கிட்ட எண் அது. வேளச்சேரிச் சிக்னலும் மழைநீர்ப் பள்ளமும் அந்த ஆய்வுக்கூடத்தில் இல்லை. ஒரு வண்டியை இன்னொரு வண்டியோடு ஒப்பிட அந்த எண் உதவும். மாதச் செலவைக் கணக்கிட உதவாது.

பெட்ரோலும் மாறியிருக்கிறது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20. லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. இ20-க்கு ஏற்பச் சரிசெய்யப்பட்ட கார்களில் மைலேஜ் 1 முதல் 2 விழுக்காடும், மற்றவற்றில் 3 முதல் 6 விழுக்காடும் குறையும் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025-இல் விளக்கம் அளித்தது. அதைக் கழித்தாலும் 20 என்பது 13 ஆவதற்கு அது மட்டும் காரணமாகாது. மிச்சப் பழியில் பெரும்பகுதி நகரப் போக்குவரத்தையும் ஏசியையும் சேரும்.

ஆகவே வழக்குக்கு முன் அளந்து பாருங்கள். டாஷ்போர்டு திரை காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். ஒரே பங்க்கில், ஒரே பம்பில், பெட்ரோல் ஊற்றும் துப்பாக்கி முதல்முறை தானாக நிற்கும்வரை நிரப்பி, ஓடிய தூரத்தைக் காட்டும் டிரிப் மீட்டரைச் சுழியமாக்குங்கள். குறைந்தது 400 கிலோமீட்டர் ஓடியபின் அதே இடத்தில் அதேபோல நிரப்பி, ஓடிய தூரத்தை இரண்டாம் முறை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் வருவதே உங்கள் உண்மையான மைலேஜ். நெடுஞ்சாலையில் 80-ஐத் தாண்டாமல் ஒரு முறை அளந்தும் 15-க்கு மேல் ஏறவில்லை என்றால், அந்தப் பில்களோடு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். பிரேக் இறுகிப் பிடித்திருப்பது, சக்கரங்களின் நேர்நிலை (அலைன்மென்ட்) கோணியிருப்பது போன்ற காரணங்கள் வெளிவரலாம்.

கேள்வி: 7,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. மேடு பள்ளத்தில் பின்னால் கடகடவென்று சத்தம். மூன்று முறை சர்வீஸ் சென்டரில் விட்டேன். ஒவ்வொரு முறையும் கழுவித் துடைத்து, "சத்தமே இல்லை சார்" என்று திருப்பித் தருகிறார்கள். (மதுரை வாசகர்)

பதில்: இத்தனை கேள்விகளில் எனக்கு நியாயமான கோபமாகப் பட்டது இதுதான். சத்தம் சிறியது, கேட்பதற்கு ஆளில்லை என்பதே பெரிய குறை.

சத்தத்தை முதலில் நீங்களே பாதி தூரம் துரத்திப் பிடிக்கலாம். நீண்ட கூரையும் பெரிய டிக்கிக் கதவும் மடங்கும் இருக்கைகளும் கொண்ட வண்டியில் அதிரக்கூடிய பொருள்கள் ஏராளம். இன்னொருவரை ஓட்டச் சொல்லிவிட்டு நீங்கள் பின்னால் உட்காருங்கள். ஆளில்லாத இருக்கைகளின் பெல்ட் கொக்கிகள் பிளாஸ்டிக் சுவரில் தட்டுகின்றனவா என்று பார்த்து அவற்றை மாட்டிவிடுங்கள். தலைசாய்ப்பான்களைக் கழற்றி ஒரு முறை, டிக்கிப் பலகைக்கு அடியில் உள்ள ஜாக்கியையும் ஸ்பேனரையும் வெளியே எடுத்து ஒரு முறை, மூன்றாம் வரிசையை மடக்கி ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். எதை எடுத்தபோது நின்றதோ அதுதான் குற்றவாளி. எதிலும் நிற்காமல், ஒவ்வொரு பள்ளத்திலும் அடியிலிருந்து 'தட்' என்று கேட்டால் அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷனைப் பார்க்க வேண்டும்.

அடுத்த முறை வண்டியைச் சாவியோடு விட்டுவிட்டு வராதீர்கள். சர்வீஸ் அட்வைசரைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு, சத்தம் கேட்கும் அதே சாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர் காதாலும் கேட்டபின், குறைகளைப் பதியும் ஜாப் கார்டில் 'பொதுச் சரிபார்ப்பு' என்று எழுத விடாமல், 'பின்பக்கம் இடதுபுறம், 30 கிலோமீட்டர் வேகத்தில், பள்ளத்தில் சத்தம்' என்று எழுதச் சொல்லி, அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். ஒரே குறைக்கு மூன்று ஜாப் கார்டுகள் இருந்தால் உங்கள் பேச்சுக்குத் தனி எடை வந்துவிடும். வாரண்டி முடிவதற்குள் குறையைப் பதிவு செய்திருப்பதும் அவசியம்.

அதன் பிறகும் கவனிக்கவில்லை என்றால், தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு ஜாப் கார்டு நகல்களுடன் மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். கடைசிப் படி, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் செல்ல வேண்டும். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடரலாம். 10 முதல் 20 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். ஆனால் புது வண்டி கிடைக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். உற்பத்திக் குறை என்று நிறுவ வல்லுநர் அறிக்கை தேவைப்படும். சட்டமும் குறையை நீக்கித் தருவதைத்தான் முதல் தீர்வாக வரிசைப்படுத்துகிறது. கடகட சத்தத்துக்கு உங்களுக்குத் தேவையானதும் அதுவே.

கேள்வி: ஏசி போட்டதும் ஈரத் துணி நாற்றம். வாசனைத் திரவியம் வைத்தும் போகவில்லை. (நாகர்கோவில் வாசகி)

பதில்: குளிர்விப்புச் சுருளில் தங்கிய ஈரத்தில் பூஞ்சை பிடித்திருக்கிறது. உட்காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரை மாற்றி, சுருளைச் சுத்தம் செய்யுங்கள். பிறகு, வீடு சேர்வதற்கு ஐந்து நிமிடம் முன்பே ஏசி பொத்தானை அணைத்து விசிறியை மட்டும் ஓடவிட்டால் சுருள் காய்ந்துவிடும். திரவியத்தைத் தூக்கிப் போடலாம்.

கேள்வி: இதே வகையில் சி.என்.ஜி. (அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயு) வண்டி வாங்க நினைக்கிறேன். பெட்ரோல் செலவு மிச்சமாகும் அல்லவா? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: மாதம் எவ்வளவு ஓட்டுவீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மாதம் 1,500 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுபவராகவும், வீட்டுக்கு அருகில் சி.என்.ஜி. பங்க் உள்ளவராகவும் இருந்தால் யோசிக்கலாம். எரிவாயு உருளையை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்து சான்று வாங்க வேண்டும். எர்டிகா போன்றவற்றில் அந்த உருளை படுத்திருக்கும் இடம் மூன்றாம் வரிசைக்குப் பின்னால், மேலே திருநெல்வேலி வாசகர் இடம் போதவில்லை என்று எழுதினாரே, அதே டிக்கியில்தான். ஷோரூமுக்குப் போகும்போது வீட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துச் சென்று, உருளைக்குப் பக்கத்தில் வைத்து டிக்கிக் கதவு மூடுகிறதா என்று பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.