முன்னாடி உக்காந்திருக்கிற பொண்ணு

கடிதம்:

அக்கா, காரைக்குடியில ஒரு ஸ்கேன் சென்டர்ல ரிசப்ஷன்ல இருக்கேன், எட்டு மாசமாச்சு. காலையில ஏழு மணிக்கே கூட்டம். போன் ஒரு பக்கம் அடிக்குது, டோக்கன் கேட்டு பத்து கை நீளுது. நேத்து தேவகோட்டை ஆச்சி ஒருத்தங்க, "எனக்குப் பின்னாடி வந்தவள உள்ள விட்டியே, காசு வாங்கிட்டியா"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாங்க. வேலைய விட்டுடலாமான்னு இருக்கு.

பதில்:

அன்புத் தங்கச்சி,

படிச்சதும் மனசு சுருக்குன்னுச்சு. நீ ஒரு தப்பும் பண்ணல. பின்னாடி வந்தவ அடிவயிறு ஸ்கேனுக்கு வந்த பொண்ணா இருந்திருக்கும், தண்ணி குடிச்சு முட்டிக்கிட்டு உக்காந்திருக்கும், மூத்திரப்பை நிறைஞ்சு குடல ஒதுக்கினாத்தான் கர்ப்பப்பை தெளிவா தெரியும், அத எப்படி காக்க வைக்கிறது. ஆச்சி ஒருவேளை பித்தப்பை பாக்க வந்திருக்கலாம், சாப்பிட்டா அது சுருங்கிரும்னு ராத்திரியிலேர்ந்து வெறும் வயிறு. வயசான உடம்பு, பசி, அந்த எரிச்சல்தான் உன் மேல விழுந்துச்சு.

இதெல்லாம் உனக்குத் தெரியும், அவங்களுக்கு யாரும் சொல்லல, அங்கதான் சண்டையே வருது. டோக்கன் குடுக்கும்போதே "ஆச்சி, தண்ணி குடிச்சவங்க நடுவுல போவாங்க, உங்களுக்கு பத்தரை ஆயிரும்"னு சொல்லிரு. அஞ்சு நிமிஷம்னு மட்டும் சொல்லாத.

நானும் ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல முன்னாடி உக்காந்திருந்தவதான். வருமான வரி கணக்கு குடுக்க அப்ப கடைசி நாளு ஜூலை 31, அது நெருங்கினா நிக்க எடம் இருக்காது. "சார் இப்ப வந்துருவாரு"ன்னே சொல்லச் சொல்லுவாங்க. பள்ளத்தூர்லேர்ந்து வந்த பெரியவர் ஒருத்தர் மஞ்சப்பையில இருந்த பேப்பர எடுக்குறதும் மடிச்சு வைக்கிறதுமா மத்தியானம் வரைக்கும் உக்காந்திருந்துட்டு, "இப்பன்னா எப்பம்மா?"ன்னு மெதுவா கேட்டாரு. இன்னைக்கும் காதுல கேக்குது. அன்னையிலேர்ந்து உள்ள போய் நேரம் கேட்டு வந்து அப்படியே சொல்லிருவேன், திட்டுனாலும் பரவால்லன்னு.

போன் அடிச்சா அடிக்கட்டும், பஸ் ஏறி வந்து முன்னாடி நிக்கிறவங்க வேலைய முடிச்சிட்டு எடு. நம்பர் எழுதி வச்சு கூப்பிடலாம்.

நீ சொல்லவே கூடாதது ஒண்ணு உண்டு, வயித்துல இருக்கிற பிள்ளை ஆணா பொண்ணான்னு. காதுக்குள்ள வந்து கேப்பாங்க, கெஞ்சுவாங்க, அதச் சொல்லக் கூடாதுன்னு 1994 சட்டம் இருக்குன்னு செவுத்துல இருக்கிற போர்ட காட்டிரு.

வேலைய விடாத. நம்ம பக்கம் "வாங்க"ன்னு ஒரு வார்த்தை கேக்கலன்னா பெரியவங்களுக்குத் தாங்காது, உனக்கே தெரியும். அந்த ஆச்சி மறுபடி வந்தா அவங்க டோக்கன் கேக்குறதுக்கு முன்னாடி "வாங்க ஆச்சி, சாப்பிட்டீங்களா, வெறும் வயிறா?"ன்னு நீயே கேளு.