வீலுக்குள் ஏறாத சொற்பட்டியல்

கேள்வி: தமிழ்ச் சொற்களைச் சரிபார்க்க பைத்தானில் ஒரு லைப்ரரி எழுதி, 0.1.0 என்ற பதிப்பாக, பைத்தான் லைப்ரரிகளின் பொதுக் கிடங்கான பைபிஐ-யில் ஏற்றினேன். சொற்பட்டியல் ஒரு ஜேசான் ஃபைலில் இருக்கிறது. என் கணினியில் எல்லா டெஸ்ட்களும் தேறுகின்றன. அங்கிருந்து பிப் என்ற நிறுவும் கருவி மூலம் நிறுவியவர்களுக்கோ அந்த ஃபைல் இல்லை என்று பிழை வருகிறது. திருத்திவிட்டு அதே எண்ணில் மறுபடி ஏற்றலாமா?

பதில்: உங்கள் ஜேசான் ஃபைல் வீலுக்குள், அதாவது பிறர் நிறுவுவதற்காகக் கட்டி ஏற்றும் பொதிக்குள், போகவே இல்லை. வீலைக் கட்டும் கருவியான செட்டப்டூல்ஸ் தானாக எடுத்துக்கொள்வது பைத்தான் நிரல்களைத்தான். தரவு ஃபைல்களை நாம்தான் சொல்லிச் சேர்க்க வேண்டும். டெஸ்ட்கள் தேறியது எப்படி என்றால், புராஜெக்ட் ஃபோல்டருக்குள் நின்று ஓட்டும்போது பைத்தானுக்கு முதலில் கிடைப்பது அங்கேயே கிடக்கும் மூல நிரல். நிறுவிய பிரதியை அது தொடவே இல்லை. லைப்ரரியை எஸ்ஆர்சி என்ற உள்ஃபோல்டருக்கு மாற்றிவிட்டால் இந்த ஏமாற்றம் நேராது. சின்ன லைப்ரரிக்கும் இதைச் செய்யுங்கள்.

வீல் என்பது ஒரு ஜிப் ஃபைல்தான். திறந்து பாருங்கள், சொற்பட்டியல் இருக்காது. அதை லைப்ரரியின் இனிட் ஃபைல் இருக்கும் ஃபோல்டரிலேயே வையுங்கள். பிறகு லைப்ரரியின் அமைப்புகளை எழுதும் பைபுராஜெக்ட் டாமல் ஃபைலில், செட்டப்டூல்ஸுக்கான ‘பேக்கேஜ்-டேட்டா’ பகுதியில், லைப்ரரியின் பெயருக்கு எதிரே நட்சத்திரக்குறி, புள்ளி, ஜேசான் என்று எழுதுங்கள். மறுபடி கட்டுவதற்கு முன் பில்டு, டிஸ்ட், எக்-இன்ஃபோ ஃபோல்டர்களை அழித்துவிடுங்கள்; பழைய மிச்சம் புதிய வீலுக்குள் புகுந்து குழப்பும்.

படிக்கும் முறையும் முக்கியம். ‘டேட்டா’ என்று தொடங்கும் சார்புப் பாதை, நிரலை எந்த ஃபோல்டரிலிருந்து ஓட்டுகிறோமோ அங்கே போய்த் தேடும். அதற்குப் பதில், பைத்தானுடனேயே வரும் இம்போர்ட்லிப் ரிசோர்சஸில் உள்ள ஃபைல்ஸ் செயல்பாட்டைப் பயன்படுத்துங்கள். அது பைத்தான் 3.9 முதல் உண்டு. ஆகவே அதே டாமல் ஃபைலின் ‘ரிக்வயர்ஸ்-பைத்தான்’ வரியில் 3.9-க்குக் குறையாமல் கேளுங்கள். ஃபைலைப் படிக்கும்போது என்கோடிங், அதாவது எழுத்துகளைச் சேமிக்கும் முறை, யுடிஎஃப்-8 என்று கட்டாயம் குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் பல விண்டோஸ் கணினிகளில் பைத்தான் வேறொரு என்கோடிங்கில் படிக்கும். தமிழ் எழுத்துகள் சிதையும், அல்லது படிக்கும்போதே பிழை விழும். லினக்ஸில் மட்டும் சோதிப்பவர் கண்ணுக்கு இது அகப்படாது.

கட்டிய வீலை, வேறொரு ஃபோல்டரில் புதிதாக உருவாக்கிய விர்ச்சுவல் என்விரான்மென்ட்டில் (தனித்த பைத்தான் சூழலில்) நிறுவி, ஒரு சொல்லையாவது சரிபார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

அதே எண்ணில் ஏற்ற முடியாது. பைபிஐ-யில் ஒருமுறை பயன்படுத்திய ஃபைல் பெயரை, அந்தப் பதிப்பை அழித்தாலும் திரும்பப் பயன்படுத்த விடமாட்டார்கள். 0.1.1 என்று ஏற்றுங்கள். பழையதை அழிக்க வேண்டாம், ‘யாங்க்’ செய்தால், அதாவது விலக்கியதாகக் குறித்தால், போதும். 0.1.0 என்று எண்ணைக் குறித்துக் கேட்பவருக்கு மட்டும் அது கிடைக்கும். மற்றவர்களுக்குப் பிப் புதியதைத் தரும்.