சிக்னலில் நின்றவன்

ஐயா, வணக்கம்.

உங்களுக்கு வரும் கடிதங்களில் இலக்கியக் கேள்விகள்தான் இருக்கும். என்னுடையது தொலைக்காட்சித் தொடரைப் பற்றியது. தகுதியில்லாதது என்று தோன்றினால் விட்டுவிடுங்கள்.

விடுமுறைக்கு வந்த மகளோடு ‘ரிப்ளை 1988’ என்ற கொரியத் தொடரைப் பார்த்தேன். சோல் நகரத்தில் ஒரு சந்து, அதில் ஐந்து குடும்பங்கள். தொக்சன் என்ற பெண்ணை இரண்டு பையன்கள் விரும்புகிறார்கள். ஒருவன் மேல்வீட்டு ஜங்ஹ்வான். காலையில் அவள் வெளியே வரும்வரை ஷூ லேஸைக் கட்டுவதுபோல வாசலில் காத்திருப்பான். பஸ்ஸில் கூட்டம் அவள்மேல் இடிக்காமல் கையை அணையாகக் கொடுப்பான். மழையில் குடையோடு நிற்பான். இன்னொருவன் தேக், பாதுக் என்ற பலகை விளையாட்டின் ஆட்டக்காரன். தானாகத் தூங்கவும் தெரியாது, மாத்திரை வேண்டும். கடைசியில் தொக்சன் தேக்கைத்தான் மணக்கிறாள். 18ஆம் பகுதி முடிந்த இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இத்தனை வருடம் மனதுக்குள் வைத்து விரும்பியவனுக்கு இப்படியா அநியாயம் செய்வது? மகள் தேக் கட்சி. இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். காதலனை ‘ஓப்பா’ என்கிறார்கள். அதற்கு அண்ணன் என்று பொருள் என்று மகள் சொன்னதும் என் மாமியார், ‘என்ன கண்றாவி இது, அண்ணன் என்று கூப்பிட்டுவிட்டுக் கல்யாணமா?’ என்று எழுந்து போய்விட்டார். அடுத்தது, பழைய தொடர்களில் பணக்காரப் பையன் அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போகிறானே, அது எப்படிக் காதலாகும்?

பிறகு ஜேஜு தீவில் நடக்கும் ‘வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்’ பார்த்தோம். அதில் க்வான்சிக் என்ற கணவன். தேக்காக நடித்த அதே பையன்தான். இதில் எனக்கு அவனை மிகவும் பிடித்துவிட்டது. ஆனால் என் கணவர், ‘இப்படி ஒருவன் எந்த ஊரிலும் கிடையாது, பெண்களை ஏமாற்றுகிறார்கள்’ என்கிறார். உங்கள் கருத்து என்ன?

க., ஈரோடு

*

அன்புள்ள க.,

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், நானும் ஜங்ஹ்வான் கட்சியாகத்தான் தொடங்கினேன். நம் இருவருக்கும் துணை நிறையவே உண்டு. 2015 நவம்பரில் தொடங்கி 2016 ஜனவரி வரை இது ஒளிபரப்பானபோது கொரியாவே உங்கள் வீட்டைப்போல இரண்டாகப் பிரிந்து கிடந்தது. ஜங்ஹ்வானாக நடித்தவர் ர்யு ஜுன்யோல். ‘எப்படியும் கணவன் ர்யு ஜுன்யோல்தான்’ என்பதைச் சுருக்கி ‘ஓநாம்ர்யு’ என்று ஒரு கட்சி. ‘எப்படியும் தேக்தான்’ என்று ‘ஓநாம்தேக்’ என்று எதிர்க்கட்சி. கட்சிப் பெயரே ஒரு முழு வாக்கியம்.

ஆனால் ‘அநியாயம்’ என்கிறீர்களே, அங்கேதான் எனக்குத் தகராறு. ஷூ லேஸ் காட்சியை மறுபடி நினைத்துப் பாருங்கள். அவன் கட்டிய லேஸை அவிழ்த்துக் கட்டுவதை யார் பார்க்கிறார்கள்? நீங்கள், நான், உங்கள் மகள். தொக்சன் கதவைத் திறந்து வரும்போது அவன் எழுந்து எதுவும் நடக்காததுபோல நடக்கத் தொடங்கியிருப்பான். அவளுக்குத் தெரிவது அந்தச் சிடுமூஞ்சி முகம் மட்டும். கேமரா நம்மிடம் ஒரு ரகசியத்தைச் சொல்கிறது, சம்பந்தப்பட்ட பெண்ணிடம் சொல்வதில்லை. ரகசியத்தைக் காப்பாற்றியவர்களுக்கு அவன்மீது ஒரு சொந்தம் வந்துவிடுகிறது. பிறகு, ‘இவ்வளவு செய்தானே, இவளுக்குக் கண் தெரியவில்லையா’ என்று அவளிடம் கோபப்படுகிறோம். கொரியத் தொடர்களில் தோற்கும் இரண்டாவது நாயகன்மேல் வரும் பாசத்தை ஒரு நோயாகவே பெயரிட்டுக் கேலி செய்வார்கள். அந்த நோய் பரவுவது இப்படித்தான்.

அவன் வாயைத் திறந்து ஏதாவது சொன்ன இடம் உண்டா என்று யோசித்துப் பார்த்தேன். வேறொரு பையனைச் சந்திக்கப் போகலாமா என்று அவள் கேட்கும்போது, ‘போகாதே’ என்கிறான். அவ்வளவுதான். ஏன் போகக்கூடாது என்பதைச் சொல்லவில்லை. தேக் என்ன செய்தான்? நண்பர்கள் கூடியிருக்கும் அறையில், தொக்சனைப் பிடித்திருக்கிறது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டான். தோழியாகவா என்று கேட்டால், இல்லை, பெண்ணாக என்றான். தூங்க மாத்திரை தேவைப்படுகிற, சட்டைப் பொத்தானைச் சரியாகப் போடத் தெரியாத அந்தப் பையனுக்கு இதற்கு மட்டும் தைரியம் இருந்தது.

ஒருதலைக் காமத்துக்கு நம்மிடம் கைக்கிளை என்று பழைய பெயர் இருக்கிறது. தொல்காப்பியர் அதற்கு இலக்கணம் சொல்லும்போது, எதிர்ச்சொல் பெறாவிட்டாலும் சொல்லி இன்புறுகிறவன் என்கிறார். பாருங்கள், கைக்கிளைக்காரனே பேசுகிறான்! ஜங்ஹ்வான் அந்தக் கணக்கிலும் சேரமாட்டான்.

18ஆம் பகுதிக்கு வருவோம். கச்சேரி அரங்கின் வாசலில் தொக்சன் தனியாக நிற்கிறாள் என்று தெரிந்து அவன் காரை எடுத்துக்கொண்டு பறக்கிறான். ஒவ்வொரு சிக்னலிலும் சிவப்பு. போய்ச் சேர்ந்தால், முக்கியமான ஆட்டத்தையே விட்டுக்கொடுத்துவிட்டு தேக் அவள் முன்னால் மூச்சிரைக்க நிற்கிறான். உங்களுக்குச் சாப்பாடு இறங்காத இடம் இதுதான். ஆனால் அந்த இடத்தில் ஜங்ஹ்வான் சிக்னலைத் திட்டவில்லை. குற்றம் விளக்கிலும் இல்லை, நேரத்திலும் இல்லை, என் எண்ணற்ற தயக்கங்களில்தான் என்று அவன் மனக்குரலே சொல்லிவிடுகிறது. அவனே வழக்கை வாபஸ் வாங்கிவிட்ட பிறகு நீங்கள் மேல்முறையீடு செய்கிறீர்கள்.

இதுவரை நாம் இருவரும் பையன்களைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதைக் கவனித்தீர்களா? தொக்சன் யார்? முதல் பகுதியில் சாப்பாட்டு மேசைக் காட்சி வரும். முட்டை இரண்டுதான் பொரிக்கப்படும். ஒன்று அக்கா போராவுக்கு, ஒன்று தம்பிக்கு. நடுப்பிள்ளைக்குச் சோயாவில் வேகவைத்த பயறு. பிறந்தநாள் சில நாள் தள்ளி வருவதால் அக்காவின் கேக்கிலேயே இவளுக்கும் மெழுகுவத்தி. ஒலிம்பிக்ஸில் மடகாஸ்கர் அணிக்குப் பெயர்ப் பலகை ஏந்தப் பல நாள் பயிற்சி எடுப்பாள், அந்த நாடு வராமல் போய்விடும். மிஞ்சியதை வாங்கிப் பழகியவள். காதலிலும் அப்படித்தான். அதே சந்தின் நண்பன் சன்வூவுக்கு உன்மேல் ஆசை என்று தோழிகள் சொன்னதும் சன்வூவைப் பிடித்துப்போகிறது. அவனோ அவளுடைய அக்காவைக் காதலிக்கிறான். பிறகு ஜங்ஹ்வானுக்கு உன்மேல் ஆசை என்கிறார்கள். உடனே ஜங்ஹ்வானைப் பிடித்துப்போகிறது. ஒருநாள் இன்னொரு நண்பன் டோங்ரியோங் அவளிடம் கேட்பான்: உன்னை யாருக்குப் பிடித்திருக்கிறது என்பது இருக்கட்டும், உனக்கு யாரைப் பிடித்திருக்கிறது?

படிப்பில் மிகவும் பின்தங்கியவன் அவன். அந்தத் தொடரில் என்னை உலுக்கிய கேள்வி அது. அவளிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. நீங்களும் கேட்கவில்லை என்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. இத்தனை வருடம் விரும்பினான், ஆகவே கொடுத்திருக்க வேண்டும் என்கிறீர்கள். சீட்டுக் கட்டியவனுக்குச் சீட்டுப் பணம் போலவா?

ஒரு விஷயத்தில் மட்டும் உங்கள் கோபம் நியாயம். தேக்கை அவளுக்கு எப்போது பிடிக்கத் தொடங்கியது என்பதை இயக்குநர் ஷின் வொன்ஹோவும் எழுத்தாளர் லீ வூஜங்கும் வேண்டுமென்றே மறைத்தார்கள். கணவன் யார் என்று கண்டுபிடிக்கும் விளையாட்டு, இதற்கு முந்தைய இரண்டு ‘ரிப்ளை’ தொடர்களிலிருந்து வரும் வியாபாரப் பழக்கம். நடுவயதுத் தம்பதி சோபாவில் உட்கார்ந்து பேசும் காட்சிகளில், அந்தக் கணவனை ஜங்ஹ்வானைப் போலவே முணுமுணுக்கவும் எரிந்து விழவும் வைத்தார்கள். அது ஏமாற்றுதான். விடுகதையைக் காப்பாற்றுவதற்காக நாயகியின் மனதையே பூட்டி வைத்தால், தீர்ப்பு வரும்போது பார்ப்பவர்களுக்கு அது அநீதியாகத்தான் தெரியும். கடைசியில் உணவகத்தில் ஜங்ஹ்வான் எல்லாவற்றையும் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பக்கத்திலிருக்கும் நண்பனிடம் திரும்பி, ‘போதுமா, உன் ஆசை தீர்ந்ததா?’ என்று வேடிக்கையாக்கிவிடுகிறான். அந்தச் சில விநாடிகள் தொக்சனின் முகத்தில் ஓடுவதைப் பாருங்கள். அவளுக்கு ஒருகாலத்தில் எவ்வளவு இருந்தது என்பது அங்கே மட்டும்தான் காட்டப்படுகிறது. எல்லோரும் எழுந்து போன பிறகு அவன் அவளுக்காக எடுத்து வைத்த மோதிரம் மேசையிலேயே கிடக்கிறது. அந்தக் காட்சிக்காக மற்றதை மன்னித்துவிட்டேன். நீங்கள் மன்னிக்க வேண்டியதில்லை.

இனி உங்கள் மாமியார். ‘ஓப்பா’ என்றால் ஒரு பெண் தன் அண்ணனை அழைக்கும் சொல் என்பது உண்மை. ஆனால் வயதில் சற்று மூத்த, நெருங்கிய எந்த ஆணையும் அப்படி அழைக்கலாம். அண்ணன், பக்கத்து வீட்டுப் பையன், காதலன், சிலருக்குக் கணவன்கூட. இதை ‘அண்ணா’ என்று மொழிபெயர்த்தால் குடும்பத்தில் கலவரம் வரும் என்பதற்கு உங்கள் வீடே சாட்சி. நம் மொழியில் ‘அண்ணா’ என்று ஒருமுறை அழைத்துவிட்டால் கதவு சாத்தப்பட்டுவிடும். அதனால்தானே கல்லூரிகளில் பெண்கள் அந்தச் சொல்லைக் கேடயமாக எடுக்கிறார்கள். கட்டிக்கொள்ளும் முறை உள்ளவனுக்கு அத்தான், மாமா என்று தனிச் சொற்கள் வைத்திருக்கிறோம். கொரியாவில் மாமன் மகன், அத்தை மகன் யாரையுமே மணக்க முடியாது. ஆகவே அப்படி ஒரு சொல்லுக்குத் தேவையே எழவில்லை.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தால் இதைச் சொல்லுங்கள். அதே தொடரில் அக்கா போராவும் சன்வூவும் மணக்க முடியாமல் தவிக்கிறார்களே, ஏன்? இருவருக்கும் ஒரே குலப்பெயர், ஒரே பூர்விக ஊர். உங்கள் பக்கம் ‘ஒரே கூட்டம்’ என்பார்களே, அதேதான். அங்கே அது வழக்கம் மட்டுமல்ல, சட்டமாகவே இருந்தது. சிவில் சட்டத்தின் 809ஆம் பிரிவு. கிம்ஹே என்ற ஊரைப் பூர்வீகமாகச் சொல்லும் கிம்கள் மட்டும் 40 லட்சத்துக்கும் மேல் இருக்கிறார்கள். அத்தனை பேரும் ஒருவருக்கொருவர் பங்காளிகள் என்றால் காதலிப்பவர்கள் எங்கே போவது? 1997இல்தான் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லாது என்றது. கதையில் இவர்கள் கல்யாணம் பேசுவது அதற்கும் முன்னால். சட்டம் படித்தவளுக்கே சட்டம் குறுக்கே நிற்கிறது. உங்கள் மாமியாருக்கு இந்தக் காதல், தொக்சன் காதலைவிட உடனே பிடிபடும் என்று நினைக்கிறேன்.

மணிக்கட்டைப் பிடித்து இழுப்பவனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நீங்கள் பார்த்தது 2009இல் வந்த ‘பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்’ வகையறாவாக இருக்கும். அதன் மூலம் கமியோ யோக்கோ வரைந்த ஜப்பானியச் சித்திரக்கதை. 2001இல் தைவானிலும், 2005இல் ஜப்பானிலும், பிறகு கொரியாவிலும் தொடராக வந்தது. பணத்திமிர் பிடித்த அந்தப் பையன் எல்லா நாட்டிலும் முதலில் அவளைக் கொடுமைப்படுத்துவான், பிறகு காதலிப்பான். அது எப்படிக் காதலாகும் என்று கேட்டீர்கள். ஆகாது. கொரியத் தொடர்களே இன்று அதைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டன.

க்வான்சிக் விஷயத்தில் உங்கள் கணவரோடு பாதி உடன்படுகிறேன். தீவைவிட்டுப் போகும் கப்பலிலிருந்து கடலில் குதித்து காதலி ஏசுனிடம் நீந்தி வருகிறானே, அது சினிமா. அப்படி எவனும் இல்லை, இருக்கவும் வேண்டாம், கப்பல் கம்பெனிக்குத்தான் தொந்தரவு. அதைவிடப் பெரிய காரியம் அவன் பிறகு ஒருநாள் செய்வது. அவன் வீட்டில் ஆண்களுக்கு ஒரு சாப்பாட்டுப் பலகை, பெண்கள் தள்ளித் தனியாக. உட்கார்ந்த இடத்திலேயே அவன் தன் பலகைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மனைவி பக்கமாகப் பார்த்துக்கொண்டு சாப்பிடத் தொடங்குகிறான். சண்டை இல்லை, வசனம் இல்லை. கடலில் குதிக்க ஒரு நொடி போதும். இப்படித் திரும்பி உட்கார்ந்தால் மறுநாள் காலையும் அதே வீட்டில்தான் எழ வேண்டும்.

இந்தக் காட்சியை என் அம்மாவோடு பார்த்தேன். அவருக்கு 78 வயது. எழுத்து ஓடும் வேகத்துக்குக் கண் வராது என்பதால் நான் தமிழில் சொல்லிக்கொண்டே வருவேன். இந்த இடத்தில் சொல்ல ஒன்றும் இல்லை, சும்மா இருந்தேன். அப்பா இருந்தவரை அவரும் நாங்களும் கூடத்தில் சாப்பிட்டு முடித்த பிறகு, அடுப்படியில் சட்டியோடு உட்கார்ந்து சாப்பிட்டவர் அம்மா. நெகிழ்ந்துபோவார் என்று எதிர்பார்த்து அவர் பக்கம் திரும்பினேன். நிறுத்தி மறுபடி போடச் சொன்னார். போட்டேன். இரண்டாவது முறை அவர் க்வான்சிக்கைப் பார்க்கவே இல்லை.

“அந்த மாமியாரைப் பாருடா,” என்றார். “அவளுக்கு யாரும் திரும்பி உட்காரவில்லையே.”

அன்புடன்.