பயந்த பூனையும் தொடாத தட்டும்

கேள்வி: எங்கள் பூனைக்கு நான்கு வயது, பெண் பூனை, கருத்தடை செய்தாகிவிட்டது. இரண்டு மாதத்துக்கு முன்பு ஸ்ரீரங்கத்தில் முற்றம் வைத்த வீட்டை விட்டு, தில்லைநகரில் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்தோம். வந்தது முதல் பகலெல்லாம் கட்டிலுக்கடியில் பதுங்கிக் கிடக்கிறது. காலிங் பெல் அடித்தாலே ஓட்டம்தான். தட்டை முகர்ந்து பார்த்துவிட்டுப் பின்வாங்குகிறது. இரவில் யாரும் இல்லாதபோது கொஞ்சம் தின்கிறது. சில நாள் அதுவும் குறைந்துவிடுகிறது. வாரத்துக்கு ஓரிரு முறை வாந்தி எடுக்கிறது. முன்பு தயிர்ச் சோறும் நெத்திலிக் கருவாடும் விரும்பித் தின்னும். இப்போது நான்கைந்து வகைப் பாக்கெட் உணவுகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டேன். மடியில் தூக்கி வைத்து ஊட்டினாலும் துப்புகிறது. ‘பசித்தால் தானே தின்னும், விடு’ என்கிறார் மாமியார். அடுத்த மாதம் மகள் பிரசவத்துக்கு வருகிறாள். என்ன செய்வது?
– வாசகி, திருச்சி

பதில்: உங்கள் மாமியார் சொல்வது மாட்டுக்கும் நாய்க்கும் ஓரளவு பொருந்தலாம்; பூனை விஷயத்தில் அது ஆபத்தான யோசனை. பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பது நமக்கு. பூனைக்கோ பயம் வந்தால் பசியே பறந்துவிடும். பட்டினி கிடக்கும் பூனையின் உடல் தன் கொழுப்பைக் கரைத்து ஈரலுக்கு அனுப்பத் தொடங்குகிறது. அவ்வளவு கொழுப்பைச் செரித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு இல்லாததால், அது அங்கேயே தேங்கி, மஞ்சள் காமாலை வரை கொண்டுபோய் விடுகிறது. பருத்த பூனைகளுக்கு இந்த அபாயம் இன்னும் அதிகம். ஆகவே ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லையென்றால் மருத்துவரை அழையுங்கள். இரண்டாவது நாளுக்குக் காத்திருக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது இடமாற்றமல்ல, ‘முகர்ந்து பார்த்துவிட்டுப் பின்வாங்குகிறது’ என்ற வரி. பசியே இல்லாத பூனை பெரும்பாலும் தட்டின் பக்கம் வராது. ஆசையோடு வந்து, முகர்ந்து, உதட்டை நக்கிக்கொண்டு திரும்பிப் போகும் பூனைக்குக் குமட்டலோ வாய்வலியோ இருக்க இடமுண்டு. பூனைகளுக்கு ஈறு அழற்சியும், பல் வேரருகே அரித்துக் கரைந்துபோகும் நோயும் மிகச் சாதாரணம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. வாராவாரம் வரும் வாந்தியையும் புது வீட்டின் கணக்கிலேயே எழுதிவிடக் கூடாது. எனவே இந்த வாரமே வாய், பற்கள், இரத்தம், சிறுநீர் ஆகியவற்றைப் பரிசோதித்துவிடுங்கள். போகும் முன் எடை பார்த்துக்கொள்ளுங்கள்: பூனையைத் தூக்கிக்கொண்டு எடைக் கருவியில் ஏறி, பிறகு நீங்கள் மட்டும் ஏறி, இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தைக் குறித்தால் போதும். 4 கிலோ பூனை 400 கிராம் இளைத்திருந்தால் அது பத்தில் ஒரு பங்கு. மருத்துவர் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார். குமட்டலை நிறுத்தவும் பசியைத் தூண்டவும் நல்ல மருந்துகள் உண்டு, ஆனால் அவற்றை அவர்தான் அளவு பார்த்துத் தர வேண்டும். வீட்டிலிருக்கும் பாரசிட்டமாலை ஒரு துணுக்குகூடக் கொடுத்துவிடாதீர்கள்; பூனைக்கு அது நஞ்சு.

பரிசோதனையில் ஒன்றும் அகப்படவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ‘வெறும் பயம்தானே’ என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 32 பூனைகளை 77 வாரங்கள் கவனித்து, 2011-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பராமரிப்பவர் மாறுவது, வேளை தவறுவது போன்ற மாற்றங்கள் நேர்ந்த வாரங்களில், நோயற்ற பூனைகளும் வாந்தி எடுத்தன, சாப்பாட்டைக் குறைத்தன, மணல் தட்டுக்கு வெளியே அசுத்தம் செய்தன. உங்கள் பூனைக்கோ வீடே மாறியிருக்கிறது. தன் வாசனை பூசி வைத்திருந்த தூண், வெயில் காயும் முற்றம், ஓடி ஏறும் மதில் எல்லாம் ஒரே நாளில் போய்விட்டன.

தட்டு எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அடுக்குமாடி வீடுகளில் அது பெரும்பாலும் சமையலறைச் சுவரோரம்தான் இருக்கும். தலைக்கு மேலே குக்கர் விசிலடிக்கும், மிக்ஸி அலறும், பக்கத்திலேயே வாஷிங் மெஷின் திடீரென்று சுழலத் தொடங்கும். போதாக்குறைக்கு, சுவரைப் பார்த்தபடி குனிந்து தின்னும் பூனைக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்பது தெரியாது. எலி பிடிக்கும் பூனை, தானும் நாய்க்கோ நரிக்கோ இரையாகக்கூடிய சிறிய விலங்கு; தனியே வேட்டையாடித் தனியே தின்பது அதன் பிறவிப் பழக்கம். முதுகு காட்டிக்கொண்டு சத்தத்தின் நடுவே தின்னச் சொன்னால், முகர்ந்துவிட்டுப் போகத்தான் செய்யும். ஆள் நடமாட்டம் குறைந்த படுக்கையறையின் மூலையில், தின்னும்போதே கதவு கண்ணில் படும்படி, சுவரிலிருந்து ஓரடி தள்ளித் தட்டை வையுங்கள். அகலமான, ஆழமில்லாத தட்டாக இருக்கட்டும். தண்ணீர்க் கிண்ணம் சற்றுத் தள்ளியும், மணல் தட்டு அறையின் எதிர்மூலையிலோ வேறு அறையிலோ இருக்கட்டும். வைத்ததும் வெளியே வந்துவிடுங்கள். ‘சாப்பிடுடா கண்ணு’ என்று அருகே உட்கார்ந்து கெஞ்சுவது நமக்கு அன்பு. பயந்த பூனைக்கு அது தன்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும் பெரிய உருவம்.

மடியில் வைத்து ஊட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். குமட்டலோடு இருக்கும்போது திணிக்கப்பட்ட உணவைப் பூனை பின்னாளில் மொத்தமாக வெறுத்துவிடும். உணவை மட்டுமல்ல, ஊட்டிய கையையும். பாக்கெட்டுகளை நாளுக்கொன்றாக மாற்றுவதும் வேண்டாம். தெரிந்த உணவு ஒன்றும் புதியது ஒன்றும் தனித்தனிக் கிண்ணத்தில் இருந்தால் போதும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததை அப்படியே வைக்காமல், உள்ளங்கையில் இளஞ்சூடு தெரியும் அளவு சூடாக்குங்கள். பூனை மூக்கால்தான் உணவைத் தேர்ந்தெடுக்கிறது, சூடு வாசனையை எழுப்பும். நாளைக்கு இரண்டு வேளை நிறைய வைப்பதைவிட, ஐந்தாறு முறை ஒவ்வொரு கரண்டியாக வைப்பது அதன் இயல்புக்கு ஏற்றது. உப்பு, வெங்காயம், பூண்டு சேர்க்காமல் வேகவைத்த கோழியோ முள் நீக்கிய மீனோ கொடுத்துத் தொடங்கலாம். தயிர்ச் சோறு இப்போது பசியைத் தூண்டுமானால் சில நாள் ஒரு கரண்டி கலந்து கொடுப்பதில் தவறில்லை, ஆனால் அதுவே உணவாகிவிடக் கூடாது. இறைச்சியிலும் மீனிலும் உள்ள டாரின் என்ற சத்து குறைந்தால் பூனையின் இதயத் தசை பலவீனமாகிறது என்பது 1987-இல் கலிபோர்னியாவில் கண்டறியப்பட்டது. சோற்றிலோ தயிரிலோ அது போதுமான அளவில் கிடையாது. கருவாட்டின் உப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கட்டிலுக்கடியிலிருந்து இழுத்து வெளியே எடுக்காதீர்கள். அது ஒளிவதுதான் அதன் மருந்து. நெதர்லாந்தில் 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் ஒளிந்துகொள்ளப் பெட்டி கிடைத்தவை, கிடைக்காதவற்றைவிடச் சீக்கிரம் அமைதியடைந்தன. இரண்டு வாசல் வெட்டிய அட்டைப்பெட்டி ஒன்றும், உயரத்தில் பீரோவின் மேலோ அலமாரியிலோ ஓரிடமும் ஒதுக்கிக் கொடுங்கள். பழைய வீட்டில் அது படுத்திருந்த துணி ஏதேனும் துவைக்காமல் மிச்சமிருந்தால் பெட்டிக்குள் போடுங்கள். அந்த வாசனைக்கு ஈடாகக் கடையில் எதுவும் கிடைப்பதில்லை.

மகள் வருவதைப் பற்றி: அவர் தங்கப்போகும் அறை எதுவோ, அது பூனையின் அறையாக இருக்க வேண்டாம். மாற்றுவதாக இருந்தால் இப்போதே மாற்றுங்கள். வந்த பிறகு மாற்றினால் இரண்டு அதிர்ச்சியும் ஒன்றாகச் சேரும். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பூனை இருக்கலாமா என்று உறவினர் கேட்பார்கள். டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி பூனையின் மலத்தில் வெளிவந்தாலும், தொற்றும் நிலையை அடைய அதற்கு ஒரு நாளிலிருந்து ஐந்து நாள்வரை ஆகும். ஆகவே மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்யுங்கள், அதை உங்கள் மகள் செய்ய வேண்டாம், பூனைக்குப் பச்சை இறைச்சி தர வேண்டாம். பூனையை வீட்டைவிட்டு அனுப்பத் தேவையில்லை. மகளின் பிரசவ மருத்துவரிடம் வீட்டில் பூனை இருப்பதை மட்டும் சொல்லிவையுங்கள்.